1971லயே செத்துப்போச்சாம்ல!

போன மாசம் தாம்பரத்துல ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்து இலைக்காரர் நம்ம பழைய நியூ ஜெர்ஸி நண்பர். பார்த்து அஞ்சாறு வருஷம் இருக்கும். பசங்க படிப்பு, யாருக்கு சுகர், யாருக்கு பிரஷர் எல்லாம் பேசி முடிச்சு பாட்டுப் பக்கம் வந்தோம். மனுஷன் இப்ப ரெக்கார்ட் பிளேயர் வாங்கி இசைத்தட்டு சேர்க்கறாராம். ஆல்மன் பிரதர்ஸ் பேண்டோட ஃபில்மோர் ஈஸ்ட் இசைத்தட்டு சிக்கியிருக்காம். எனக்கு வாயெல்லாம் பல்லு. "அப்படியே அவங்க 2003 ஆல்பத்தையும் தேடிப் பிடிங்க"ன்னு ஆரம்பிச்சேன். அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே ஒரே போடா போட்டாரு:

"அதெல்லாம் வேணாம் பாஸ். டுவேன் போனதோட அந்த பேண்டும் செத்துப்போச்சு. 1971. அதுக்கப்புறம் நாப்பது வருஷம் நடந்தது வெறும் திவசம்."

என் இலையில ரசம் ஓடிக்கிட்டிருந்தது. சோத்தால அணை கட்டற அவசரத்துல பதில் சொல்ல முடியலை. அப்புறம் பாயசம் வந்துடுச்சு, அவரு எந்திரிச்சுட்டாரு. அதான் இங்க வந்து கொட்டறேன். படிக்கறது உங்க தலையெழுத்து :-)

இந்த வசனம் எனக்குப் புதுசில்லை. இதே வசனத்தை நம்பி எட்டு வருஷத்தைக் கோட்டை விட்டவன் நான். அந்தக் கடுப்பும் இந்தப் பதிவுல சேர்த்திதான்னு முதல்லயே சொல்லிடறேன். நடுநிலைமை எல்லாம் எதிர்பார்க்காதீங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1969 மார்ச்சுல ஃப்ளோரிடாவுல ஜாக்ஸன்வில் ஊர்ல கூடின ஆறு பேர். டுவேன் ஆல்மன் கிட்டார். அவர் தம்பி கிரெக் ஆர்கனும் குரலும். டிக்கி பெட்ஸ் இன்னொரு கிட்டார். பெர்ரி ஓக்லி பேஸ். டிரம்ஸுக்கு ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர்: புட்ச் டிரக்ஸும் ஜெய்மோவும். கொஞ்ச நாள்லயே ஜார்ஜியாவுல இருக்கற மேக்கன் ஊருக்குக் குடி போனாங்க. ஓட்டிஸ் ரெடிங்குக்கு மேனேஜரா இருந்த ஃபில் வால்டன் அங்கதான் கேப்ரிகார்ன் ரெக்கார்ட்ஸ் கம்பெனியை நடத்தினாரு. 1971 மார்ச் 12, 13 தேதிகள்ல நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்துல வாசிச்சதை டாம் டவ்ட் ரெக்கார்ட் பண்ணி, ஜூலையில ரெட்டை ஆல்பமா வந்துச்சு. அக்டோபர் 29, மேக்கன்ல மோட்டார் சைக்கிள் விபத்து, டுவேன் போயிட்டாரு. வயசு 24. அடுத்த வருஷம் நவம்பர் 11, விபத்து நடந்த இடத்துலருந்து மூணே தெரு தள்ளி அதே மாதிரி மோட்டார் சைக்கிள் விபத்துல பெர்ரி ஓக்லியும் போயிட்டாரு. அவருக்கும் 24. ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்துல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல.

இப்படி ஒரு கதை இருந்தா அதோட முற்றும் போட யாருக்குத்தான் கை அரிக்காது? சின்ன வயசு, மேதை, விபத்து. நம்ம ஆளுங்களுக்கு இது போதும். செத்தவன் தப்பா வாசிக்க மாட்டான், மொக்கை ஆல்பம் போட மாட்டான், தொப்பை போட மாட்டான். உயிரோட இருக்கறவன்தான் எல்லாத்துக்கும் கணக்குச் சொல்லணும்.

ஃபில்மோர் ஆல்பத்தை நான் குறைச்சு சொல்றேன்னு யாரும் கிளம்பி வராதீங்க. அந்த ஆல்பம் எனக்கும் வேதம்தான். 'விப்பிங் போஸ்ட்' ஆரம்பத்துல பேஸ் தனியா வரும் பாருங்க, பதினோரு எண்ணிக்கை. கால்ல தாளம் போட்டுக்கிட்டே கேட்டா ஒவ்வொரு சுத்துலயும் கடைசியில தடுக்கி விழுவோம். 'எலிசபெத் ரீட்' வாசிக்கும்போது முதல்ல ரெண்டு கிட்டாரும் தோள்ல கை போட்டுக்கிட்டு ஒண்ணா நடக்கும், அப்புறம் ஒருத்தர் ஒதுங்கி வழி விடுவாரு. (அந்தப் பேரே ரோஸ் ஹில்ல ஒரு கல்லறைக் கல்லுலருந்து எடுத்ததுதான்.) ஜெய்மோதான் இவங்களுக்கு மைல்ஸ் டேவிஸையும் கோல்ட்ரேனையும் போட்டுக் காட்டினவரு. ப்ளூஸ் பாட்டை எடுத்துக்கிட்டு ஜாஸ்காரன் மாதிரி அதுக்குள்ள நடமாடலாம்னு அங்கருந்துதான் கத்துக்கிட்டாங்க.

இப்ப என் கேள்வி. அதே 'விப்பிங் போஸ்ட்' 1969 முதல் ஆல்பத்துல அஞ்சு நிமிஷப் பாட்டு. ஃபில்மோர்ல 23 நிமிஷம். இசைத்தட்டுல ஒரு பக்கம் முழுசும் அது ஒண்ணுதான். ரெண்டே வருஷத்துல அஞ்சு இருபத்திமூணாச்சு. ஏன்? இவங்களுக்கு ஆல்பத்துல இருக்கற பாட்டு முடிஞ்ச பாட்டு கிடையாது. டுவேன் உருவாக்கினது ஒரு சோலோ இல்லைங்க, ஒரு வாசிக்கற முறை. ரெண்டு கிட்டார், ரெண்டு டிரம்ஸ், ஒருத்தன் பேசினா மத்தவன் கேட்கணும், நேத்து வாசிச்சதை இன்னைக்கு வாசிக்கக் கூடாது. அந்த முறையில ரெண்டு ராத்திரி வாசிச்சதை மட்டும் சட்டம் போட்டு மாட்டி, "இதுக்கப்புறம் எதுவும் இல்லை"ன்னு சொன்னா, டுவேனை மதிக்கற மாதிரியா அது? அவர் செஞ்சதுக்கு நேர் எதிரா இல்ல இருக்கு?

சரி, செத்துப்போன பேண்ட் அப்புறம் என்ன பண்ணிச்சுன்னு பார்ப்போம்.

டுவேன் இடத்துக்கு இன்னொரு கிட்டார்காரரைத் தேடலை. எனக்கு இதுலயே மரியாதை வந்துடும். சக் லெவெல்னு இருபது வயசுப் பையனைப் பிடிச்சுப் பியானோவுல உட்கார வச்சாங்க. பேஸுக்கு ஜெய்மோவோட பால்ய சிநேகிதர் லமார் வில்லியம்ஸ். 1973 ஆகஸ்ட்ல 'பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்' வந்துச்சு. அமெரிக்க ஆல்பம் வரிசையில அஞ்சு வாரம் முதலிடம். 'ராம்ப்ளிங் மேன்' சிங்கிள் ரெண்டாம் இடம் வரைக்கும் போச்சு. 'ஜெசிக்கா'ன்னு பாட்டு வரியே இல்லாத ஒரு வாத்தியத் துண்டு அதுல இருக்கு. இடது கையில ரெண்டு விரலை மட்டும் வச்சு வாசிச்ச ஜாங்கோ ரைன்ஹார்ட்டை நினைச்சு, தானும் ரெண்டு விரலால வாசிச்சுப் பார்த்து பெட்ஸ் அமைச்சது. பேரு அவர் குழந்தையோடது. பிபிசியோட 'டாப் கியர்' கார் நிகழ்ச்சி பார்த்தவங்க எல்லாருக்கும் அந்த மெட்டு தெரியும், யாருதுன்னு தெரியாது. அது 'செத்த' பேண்ட் வாசிச்சது சாமி. அதுல நடுவுல வர்ற பியானோவைக் கேளுங்க. டுவேன் மாதிரி வாசிக்க அந்தப் பையன் முயற்சியே பண்ணலை. அவன் பாட்டுக்கு அவன் வாசிக்கறான், மத்தவங்க கேட்டு நகர்ந்து இடம் குடுக்கறாங்க. நான் சொன்ன முறை அதுதான்.

அதுக்கப்புறம் விழுந்தாங்க. மறைக்கலை. 1975 ஆல்பம் சுமார். 1976ல உடைஞ்சாங்க. போதை மருந்து வழக்குல கிரெக் தங்களோட ஆளுக்கு எதிராகவே சாட்சி சொன்னதுல ஆளாளுக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு போனாங்க. மறுபடி கூடினாங்க. 1980லயும் 81லயும் போட்ட ரெண்டு ஆல்பத்தையும் நான் பணம் குடுத்து வாங்கினேன்னு வெளிய சொல்ல வெட்கமா இருக்கு. 82ல திரும்ப உடைஞ்சாங்க. நண்பர் 1982ஐப் பத்தி "செத்துப்போச்சு"ன்னு சொல்லியிருந்தா நான் வாயை மூடிக்கிட்டு பாயசம் குடிச்சிருப்பேன்.

ஆனா 1989ல திரும்ப எந்திரிச்சு வந்தாங்களே! வாரன் ஹேன்ஸ் கிட்டாரோட. அந்த வருஷத்துலருந்து நியூயார்க்ல பிராட்வேயும் 74வது தெருவும் சேர்ற இடத்துல இருக்கற பீக்கன் தியேட்டர்ல வாசிக்க ஆரம்பிச்சாங்க. 92லருந்து அநேகமா வருஷா வருஷம் அங்க தொடர் கச்சேரி. மொத்தமா 230க்கு மேல. ஒரே ஊர், ஒரே தியேட்டர். 1999ல புட்ச் டிரக்ஸோட அண்ணன் தம்பி வழிப் பையன் டெரெக் டிரக்ஸ் இருபது வயசுல சேர்ந்தாரு. 2000ல பெட்ஸை ஃபேக்ஸ் அனுப்பி விலக்கினாங்க. முப்பது வருஷம் கூட வாசிச்ச மனுஷனுக்கு ஃபேக்ஸ்! என்ன காரணம் இருந்தாலும் அது அசிங்கம். அந்த விஷயத்துல நான் பெட்ஸ் கட்சி. 2001ல வாரன் ஹேன்ஸ் திரும்ப வந்தாரு, அதுலருந்து 2014 வரைக்கும் அதே ஏழு பேர். எத்தனை தடவை ஆள் மாறின பேண்டுன்னு யோசிச்சுப் பாருங்க, அந்தப் பதிமூணு வருஷம்தான் அதிகமா நிலைச்சு நின்னது. டுவேன் இருந்த காலம் மொத்தமே ரெண்டரை வருஷம்தான் சாமிகளா.

டெரெக்கைப் பத்திக் கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், பொறுத்துக்கோங்க.

டுவேன் ஸ்லைடு வாசிக்க வச்சிருந்தது சளி மாத்திரை வர்ற கொரிசிடின் கண்ணாடிக் குப்பி. மோதிர விரல்ல மாட்டிக்கிட்டு கம்பி மேல வழுக்கறது. அதுல அவர் கொண்டு வர்ற சத்தம் கூரா இருக்கும், பறவை கத்தற மாதிரி. டெரெக் ஒன்பது வயசுல கிட்டார் எடுத்தவரு, அந்த வீட்டுச் சூழல்ல டுவேனைக் கேட்டே வளர்ந்தவரு. டுவேன் எரிக் கிளாப்டனோட வாசிச்ச டெரெக் அண்ட் தி டாமினோஸ் பேண்ட்தான் அவருக்குப் பேரு வரக் காரணம். இப்படி ஒரு பையன் என்ன பண்ணியிருக்கணும்? குப்பியை மாட்டிக்கிட்டு அச்சு அசலா டுவேன் மாதிரி வாசிச்சிருந்தா கூட்டம் விசிலடிச்சிருக்கும். இவர் என்ன பண்ணாரு தெரியுமா? கலிஃபோர்னியாவுல அலி அக்பர் கான் நடத்தின இசைக் கல்லூரியில போய் கத்துக்கிட்டாரு. சரோத் வழியா வந்த ஒரு நெளிவு அவர் ஸ்லைடுல இருக்கு. ஒரு ஸ்வரத்துல நேரா போய் உட்கார மாட்டாரு. கீழருந்து வருவாரு, தொடுவாரு, கொஞ்சம் தாண்டுவாரு, அப்புறம்தான் இறங்குவாரு. கமகம் கேட்டு வளர்ந்த நம்ம காதுக்கு அது எங்கயோ தெரிஞ்ச ஊர் மாதிரி இருக்கும். நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடின கவ்வாலியை எல்லாம் கிட்டார்ல எடுத்து வாசிச்சவரு. பிக் கிடையாது, வெறும் விரல். மேடையில ஆடறது, மூஞ்சியைச் சுளிக்கறது எதுவும் கிடையாது. பஸ்ஸுக்கு நிக்கற ஆள் மாதிரி நிப்பாரு.

2003ல வந்த 'ஹிட்டிங் தி நோட்'ல 'இன்ஸ்ட்ருமெண்டல் இல்னஸ்'னு பன்னெண்டு நிமிஷம் ஓடற ஒரு துண்டு. ஹேன்ஸும் டெரெக்கும் வாசிக்கறதை 'எலிசபெத் ரீட்' பக்கத்துல வச்சுக் கேளுங்க. குடும்ப ஜாடை தெரியும், ஆனா வேற ஆளு. 'டெஸ்டிமோனா'வுல கிரெக்கோட குரலைக் கேளுங்க. இருபத்தோரு வயசுல அறுபது வயசுக் கிழவன் மாதிரி பாட ஆசைப்பட்ட பையன், ஐம்பத்தஞ்சுல அதுக்கு உண்மையிலயே வந்து சேர்ந்துட்டான். அந்தக் குரலுக்கு அந்த முப்பது வருஷச் சீரழிவு தேவைப்பட்டிருக்கு.

"பழைய பாட்டைத்தானே வாசிச்சாங்க, திவசம்தானே"ன்னு கேட்கறவங்களுக்கு ஒரு விஷயம். 2000களின் நடுவுல இவங்க கச்சேரி முடிஞ்சதும் அன்னைக்கு வாசிச்சதை அன்னைக்கே சிடியா எரிச்சு வாசல்லயே வித்தாங்க. ஜனங்க வரிசையில நின்னு வாங்கினாங்க. தொடர் கச்சேரியில நாலு நாள் டிக்கெட் வாங்கி நாலு சிடியையும் வாங்கற ஆளுங்க இருந்தாங்க. நாலு நாளும் ஒரே மாதிரி வாசிச்சா எந்த மடையன் நாலு சிடி வாங்குவான்?

பழையதை அப்படியே வாசிக்கற பேண்ட் வேணும்னா அதுக்கும் உதாரணம் இருக்கு. லெனர்ட் ஸ்கைனர்ட். 1977 அக்டோபர் 20ல விமான விபத்து, பாடகர் ரானி வான் ஸாண்ட் உட்படப் பலர் போயிட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு தம்பி ஜானி பாட, பேண்ட் திரும்ப வந்துச்சு. அங்க போற ஜனம் 'ஃப்ரீ பேர்ட்' எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்னு போறாங்க, அவங்களும் குடுத்தாங்க. தப்புன்னு சொல்லலை. அது ஒரு வகை. ஆனா ரெண்டையும் ஒரே கூடையில போட்டா எனக்குச் சுர்ருனு ஏறும்.

கூடைன்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. 'சதர்ன் ராக்'னாலே அந்த அடிமைக் காலத்துத் தென் மாநிலக் கொடியைத் தூக்கிக்கிட்டு ஆடற கூட்டம்னு நம்ம ஆளுங்கள்ல சிலர் ஒதுக்கி வச்சிருக்காங்க. அந்தக் கொடியை மேடையில தொங்கவிட்ட பேண்டுகள் உண்டு, ஸ்கைனர்டும் அதுல ஒண்ணு. ஆனா 1969 ஜார்ஜியாவுல, சிவில் உரிமைச் சட்டம் வந்து அஞ்சே வருஷம் ஆன நேரத்துல, ஒரு கறுப்பு டிரம்மரும் அஞ்சு நீளமுடி வெள்ளைப் பசங்களும் ஒரே வீட்டுல படுத்து எந்திரிச்சு ஒரே தட்டுல தின்னு ஊர் ஊரா போனாங்க. மேக்கன்ல ஹெச் அண்ட் ஹெச்னு ஒரு மெஸ். கறுப்பினப் பெண்கள் ரெண்டு பேர் நடத்தினது. கையில காசில்லாம ரெண்டு தட்டு மட்டும் சொல்லிட்டு எல்லாரும் பகிர்ந்துக்கப் பார்த்த இந்தப் பசங்களுக்கு லூயிஸ் ஹட்ஸன் அம்மா ஆளுக்கொரு தட்டு வச்சாங்க. அந்த ஊர்க் கதை இது. பின்னாடி லமார் வில்லியம்ஸ், ஓடீல் பர்பிரிட்ஜ்னு கறுப்பின பேஸ் கலைஞர்கள் வந்தாங்க. 'சதர்ன் ராக்'ங்கற பேரே கிரெக்குக்குப் பிடிக்காது. ராக் பிறந்ததே தெற்குலதான், அப்புறம் தனியா என்ன தெற்கத்தி ராக்குன்னு கேட்பாரு. நியாயம்தானே.

இப்ப என் சொந்தச் சோகம்.

2005ல நான் ஜெர்ஸி சிட்டிக்குப் போனேன். எங்க டீம்ல ஒரு பெரியவர், அமெரிக்கர், அப்பவே அறுபதை நெருங்கிட்டாரு. எனக்கு ஃபில்மோர் சிடியைக் குடுத்ததே அவர்தான். அந்தப் புண்ணியம் அவருக்கு. "இவங்க மார்ச்ல பீக்கன்ல வாசிக்கறாங்களாமே, போகலாமா?"ன்னு கேட்டேன். அவரும் இதே வசனம்தான். "எதுக்கு? அது 1971லயே முடிஞ்சுபோச்சு." குருவே சொல்லிட்டாரு, அப்பீல் ஏது? மார்ச் வரும், பேப்பர்ல விளம்பரம் வரும், நான் போக மாட்டேன். வீட்டுலருந்து ரெண்டு ரயில் மாறினா தியேட்டர் வாசல். 2009ல நாற்பதாவது வருஷக் கொண்டாட்டம்னு பதினஞ்சு ராத்திரி. கிளாப்டன் வந்து வாசிச்சாரு. நான் அந்த ராத்திரி என்ன பண்ணேன்னு சுத்தமா ஞாபகம் இல்லை. டிவி பார்த்திருப்பேன்.

2013 மார்ச்ல ஒரு நண்பருக்கு வேலை வந்துடுச்சுன்னு அவர் டிக்கெட் என் தலையில விழுந்தது. மேல் பால்கனி. கச்சேரி தொடங்கற வரைக்கும் கூட மனசுக்குள்ள திவச வசனம்தான் ஓடிக்கிட்டிருந்தது. கிரெக்குக்கு 65 வயசு, கல்லீரல் மாற்று அறுவை நடந்து மூணு வருஷம்கூட ஆகலை. ஆர்கன் பின்னாடி அசையாம உட்கார்ந்திருந்தாரு. 'ட்ரீம்ஸ்' ஆரம்பிச்சாங்க. முதல் ஆல்பத்துல டுவேன் ஸ்லைடு வாசிச்ச பாட்டு, எனக்கு ஒவ்வொரு ஸ்வரமும் மனப்பாடம். அந்த இடம் வந்துச்சு. டெரெக் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. விடலை. எனக்குத் தெரிஞ்ச வழியில போகவே இல்லை. ஜெய்மோ தலையைச் சாய்ச்சு கேட்டாரு, தாளத்துல ஏதோ ஒண்ணைக் கழட்டிவிட்டாரு, மொத்த தியேட்டரும் அரை அடி மேல போன மாதிரி இருந்தது. பக்கத்து சீட்டுல தாடிக்காரத் தாத்தா ஒருத்தர் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. நான் மட்டும் என்ன பண்ணேன்னு கேட்காதீங்க.

வெளிய வந்து குளிர்ல நின்னு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எட்டு மார்ச்.

அடுத்த வருஷம் விடக்கூடாதுன்னு முதல் ஆளா டிக்கெட் வாங்கினேன். 2014 ஜனவரியில ஹேன்ஸும் டெரெக்கும் அந்த வருஷத்தோட விலகறோம்னு சொல்லிட்டாங்க. என் டிக்கெட் மார்ச் கடைசிக்கு. கிரெக்குக்கு மூச்சுக்குழாய்ல சளி, கடைசி நாலு கச்சேரியையும் அக்டோபருக்குத் தள்ளி வச்சாங்க. ஜூலையில எனக்கு புராஜெக்ட் முடிஞ்சு, மூட்டை கட்டி சென்னைக்கு அனுப்பிட்டாங்க. டிக்கெட்டை யாருக்குக் குடுத்தேன்னு நினைக்கறீங்க? நம்ம பெரியவருக்குத்தான். "பழிவாங்கறேன், கண்டிப்பா போகணும்"னு சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்.

அக்டோபர் 28 கடைசிக் கச்சேரி. நள்ளிரவைத் தாண்டி 29 பிறந்தப்புறம்தான் முடிச்சாங்க, டுவேன் போன தேதியில. கடைசியா வாசிச்சது 'ட்ரபிள் நோ மோர்'. மடி வாட்டர்ஸ் பாட்டு, 1969ல எல்லாரும் கூடி முதல்ல வாசிச்சுப் பழகினது. அதோட கடையைச் சாத்திட்டாங்க. 2017ல புட்ச் டிரக்ஸும் கிரெக்கும் போனாங்க. 2024 ஏப்ரல்ல பெட்ஸ் போனப்ப, அந்த ஆறு பேர்ல மிச்சம் ஜெய்மோ ஒருத்தர்தான்.

பெரியவர் போனது அதுக்குச் சில நாள் முன்னாடி நடந்த கச்சேரிக்கு. மறுநாள் அவர்கிட்டருந்து மெயில். ஒரே வரி: "அந்தச் சின்னப் பையன் பரவாயில்லை." அப்ப டெரெக்குக்கு 35 வயசு.

பந்தி நண்பருக்கு அன்னைக்கு ராத்திரியே 'இன்ஸ்ட்ருமெண்டல் இல்னஸ்' அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்து மூணு வாரம் ஆச்சு. பதில் வரலை.